எழுந்து நிற்கிற பலம்

விடியுமுன்பே பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்கும் நடக்க வந்துவிடுகிறவர்கள் நிறைய. பள்ளிக்கூடமும் கல்லூரியும் அரசு அலுவலகமும் நெருக்கியடிக்கிற ஊர் என்பதால் ஓய்வூதியர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறார்கள். சுகருக்கும் பிரஷருக்கும் நெஞ்சுக்கும் அது நல்லதுதான். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாரும் நடையை விட்டுவிட வேண்டாம். ஆனால் வருஷக்கணக்காக நாள் தவறாமல் நடக்கிற ஒருவரைக் கல்யாண வீட்டுச் சமுக்காளத்தில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்துவிடுவார். எழுவதற்குத்தான் பக்கத்தில் இருப்பவரின் தோள் தேவைப்படும்.

காரணம் எளிது. சமதரையில் நடப்பதற்குத் தொடையும் புட்டமும் தங்கள் முழுப் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கின்றன. உடம்பைத் தாழ்வான இடத்திலிருந்து மேலே தூக்குகிற வேலை நடையில் இல்லை. கேட்கப்படாத பலத்தை உடம்பு சேர்த்து வைப்பதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் இறைத்த நீரும் ஆட்டுரலும் அம்மியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்த வேலைகளும் அந்தப் பலத்தைத் தினமும் கேட்டன. இப்போது மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, வெஸ்டர்ன் டாய்லெட். இவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழங்காலத்துக்குப் போகச் சொல்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. அந்த வேலைகளால் இடுப்பு ஒடிந்த பெண்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த உழைப்பு தசைக்குக் கொடுத்ததை அளவாக, திட்டத்தோடு, வாரத்தில் மூன்று நாள் நாமே கொடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடியில்லாத, உட்காரும் பலகை முழங்கால் உயரத்தில் இருக்கிற மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மொசைக் தரையில் வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுசாக எழுந்து உட்காருங்கள். வீட்டில் யாராவது செல்போனில் நேரம் பார்க்கட்டும். தசையிழப்பு பற்றிய ஆசிய ஆய்வாளர் குழு 2019இல் போட்ட கோடு 12 நொடி. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். தையல்கார நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33க்கும் குறைந்தால் அதே குழு அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. கால் வீக்கம் உள்ளவர்கள் இந்த அளவை நம்ப வேண்டாம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. உங்களுக்கான தொடக்கப் படி எது என்று தெரிந்துவிட்டது. அளவையும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வயதோடு வரும் இந்தத் தசையிழப்புக்குச் சார்கோபீனியா என்று இர்வின் ரோசன்பெர்க் பெயர் வைத்தது 1989இல்தான். அதுவரை மருத்துவம் இதை முதுமையின் இயல்பு என்று விட்டுவைத்திருந்தது. மறு வருஷமே பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் யாரும் துணியாத காரியத்தைச் செய்தார். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எடைப்பயிற்சியில் இறக்கினார். லேசான எடை இல்லை. அவரவர் காலால் தூக்க முடிந்ததில் முக்கால் பங்குக்கு மேல். எட்டு வாரத்தில் தொடைப் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஊன்றுகோலோடு வந்தவர்களில் இரண்டு பேர் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பத்துப் பேர் ஆய்வை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது என்பவர்களுக்கு, 1994இல் அவரே 100 பேரிடம் நடத்திய ஆய்வு இருக்கிறது. சராசரி வயது 87. பத்து வாரப் பயிற்சியில் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, மாடிப்படி ஏறும் திறன் கால் பங்குக்கு மேல் கூடியது. அதில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி கிடையாது, சத்துப் பானம் மட்டும். அவர்களுக்குப் பலம் கூடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாதாமாதம் சத்துமாவு டின் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

பலம் தவிர இன்னொன்று உண்டு. அதைப் பற்றி டாக்டர்கள்கூட அதிகம் பேசுவதில்லை: இருக்கிற பலத்தை எவ்வளவு சீக்கிரம் வெளிக்கொண்டுவர முடிகிறது என்பது. இதை வேகபலம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குத்துறைப் படித்துறையில் பாசி வழுக்குகிறது. விழாமல் இருக்க அடுத்த கால் அரை நொடிக்குள் முன்னால் போய் ஊன்ற வேண்டும். ஒரு மூட்டையைப் பைய தூக்குகிற பலம் அந்த அரை நொடிக்கு உதவாது. தசையில் வேகமாகச் சுருங்கும் இழைகள்தாம் வயதில் முதலில் மெலிகின்றன. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களிடம் 1994இல் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பலம் ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு குறைந்தபோது, வேகபலம் 3 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது தெரியவந்தது. வீட்டில் நாம் சொல்வதோ, "ஆச்சி, பைய எந்திரிங்க." அன்பில் சொல்வதுதான். நாள் முழுக்க எல்லாவற்றையும் பையச் செய்கிற உடம்பு வேகத்தை மறந்துவிடும் என்பதால், பயிற்சி நேரத்திலாவது அந்தச் சொல்லை நிறுத்தி வைக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் சிலர் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள், மாரடைப்போ அறுவை சிகிச்சையோ அண்மையில் முடிந்தவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண்புரை எடுத்துச் சில வாரமே ஆனவர்கள், போன வருஷம் இரண்டு முறைக்கு மேல் விழுந்தவர்கள். ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் பிசியோதெரபிக்கு வழி சொல்வார்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் ஒரு பகுதி. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மூட்டுவலி மட்டும் இருக்கிறது என்றால் அது தள்ளிப்போடக் காரணம் ஆகாது. முழங்கால் தேய்மானத்துக்கு உலகெங்கும் முதலில் எழுதித் தரப்படும் சிகிச்சையே தொடையை வலுவாக்கும் பயிற்சிதான். பயிற்சியின்போது லேசாக வலித்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாளும் வீங்கியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

இனி பயிற்சி. நாற்காலியில் எழுந்து உட்காருவதுதான் தலையாயது. நேரம் இல்லாத நாளில் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடக் கூடாது. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு பெருவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கையில் இறங்குங்கள். எழ முடியாதவர்கள் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கலாம், கையை ஊன்றலாம். வாரா வாரம் தலையணையைக் குறையுங்கள். எட்டு முறை செய்து, இரண்டு நிமிஷம் இளைப்பாறி, மறுபடி எட்டு. 12 முறை சிரமமில்லாமல் வருகிற அன்று கனத்தைக் கூட்டுகிற காலம் வந்துவிட்டது. இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு கிலோ, ஐந்து கிலோ. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஆறு மாதம் கழித்தும் அதே பத்து முறை, அதே வெறுங்கை. உடம்பு அதற்குப் பழகி அங்கேயே நின்றுவிடும். கடைசி இரண்டு முறை முகத்தைச் சுளிக்க வைக்க வேண்டும், ஆனால் அசைவின் ஒழுங்கு கலையக் கூடாது. கனம் போதுமா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடைக்காது.

இதோடு நான்கைந்து அசைவுகள் போதும். வாசல்படியில் ஒரு காலை வைத்து ஏறி, அதே காலால் தாங்கி இறங்குவது. பக்கத்தில் பிடிக்கச் சுவர் இருக்கட்டும். சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, பிறகு குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது. சுவரில் கைவைத்துத் தள்ளுவது, அது எளிதானபின் மேடை விளிம்பில் தண்டால். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி முழங்கைகளைப் பின்னால் இழுப்பது. கூன் விழுகிற முதுகுக்கு இதுதான் வேலை. கடைசியாக, தரையிலிருந்து கனம் எடுப்பது. பாதி நிறைந்த குடத்தையோ பையையோ உடம்போடு ஒட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்துத் தூக்கி, கூடத்தின் ஒரு கோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது. எந்த அசைவிலும் மூச்சைப் பிடிக்காதீர்கள். பிரஷர் குபீரென்று ஏறும்.

குனிந்து கனம் எடுத்தால் எலும்பு நொறுங்கிவிடாதா என்று மாதவிடாய் நின்ற பெண்கள் கேட்பது நியாயம். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களையே தேர்ந்தெடுத்து, வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடையும் குதிப்பும் கொடுத்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவில் பயிற்சி செய்தவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு கூடியிருந்தது, லேசான பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்கு ஒரு விழுக்காடு போல் குறைந்திருந்தது. ஒவ்வொரு அசைவையும் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானம் என்று ஸ்கேனில் வந்தவர்கள் யூடியூபைப் பார்த்து அந்தக் கனத்துக்குப் போக வேண்டாம். நாலு நாள் பிசியோவிடமோ நல்ல ஜிம்மிலோ கற்றுக்கொண்டு போகலாம். வயசான பொம்பளை கனம் தூக்குவதா என்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் உண்டு. வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிற போட்டியில் பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். 2024இல் பொள்ளாச்சிக்காரரான 82 வயதுக் கிட்டம்மாள் ஒரு போட்டி மேடையில் 50 கிலோவை டெட்லிஃப்டில் தரையிலிருந்து தூக்கிச் செய்தியானார்.

நான்கு வாரம் கழித்து வேகத்தைச் சேருங்கள். நாற்காலிப் பயிற்சியில் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, எழும்போது முடிந்த அளவு சட்டென்று எழுங்கள், இறங்கும்போது நிதானம். ஆறு முறை போதும். வேகம் குறைவதாகத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். களைத்தபின் செய்வது வேகபலப் பயிற்சியே இல்லை. படி ஏறுவதையும் குதிகால் தூக்குவதையும் இப்படியே செய்யலாம். இதற்குக் கனம் குறைவாகவும் முயற்சி வேகமாகவும் இருக்க வேண்டும். முதியோரிடம் வேகப் பயிற்சியையும் வழக்கமான எடைப்பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2022இல் தொகுத்துப் பார்த்தபோது, அன்றாட வேலைத் திறனில் வேகப் பயிற்சிக்குச் சற்று முன்னிலை இருந்தது. சற்றுத்தான். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

சமநிலை தனிப்பாடம். சமையல் மேடைக்கு முன்னால் நில்லுங்கள். பாதங்களை ஒட்டி வைத்து 10 நொடி. ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலைத் தொடுமாறு ஒரே கோட்டில் வைத்து 10 நொடி. பிறகு ஒற்றைக் காலில் 10 நொடி. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பார்த்ததில், ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த ஏழு ஆண்டுகளில் இறப்பு வாய்ப்பு 84 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2022இல் வந்த செய்தி வாட்ஸ்அப்பில் ஊரையே பயமுறுத்தியது. நிற்க முடியாததால் இறந்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. சுகர், உடற்பருமன், நரம்புத் தளர்ச்சி எல்லாம் அந்தக் காலில்தான் முதலில் தெரிகின்றன. பயப்படாமல் பழகுங்கள். விரல் நுனியால் மேடையைத் தொட்டபடி தொடங்கி, கையை எடுத்து, பிறகு தலையை இடம் வலமாகத் திருப்பி, பிறகு பக்கவாட்டாகவும் பின்னோக்கியும் நடந்து. சும்மா நின்றுகொண்டே இருந்தால் பயனில்லை. கொஞ்சம் ஆட்டம் காண வேண்டும், பிடித்துக்கொள்ள மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

விழாமல் இருக்க இந்தப் பயிற்சி உதவும் என்பதற்கு ஆதாரம் உறுதியானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 80 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வீட்டிலேயே செய்யும் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். கணுக்காலில் கட்டும் எடை, சமநிலைப் பயிற்சி, வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி. 1997இல் தொடங்கி வெளிவந்த அவர்களது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் விழுவது 35 விழுக்காடு குறைந்திருந்தது. 2019இல் காக்ரேன் அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோதும் ஏறத்தாழ அதுவே வந்தது: சமநிலையும் எடைப்பயிற்சியும் சேர்ந்தால் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வெறும் நடைக்கு அப்படி ஒரு பலன் உண்டு என்று அந்தத் தொகுப்பால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் பலமும் கலந்த பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் எழுதியதும் இதனால்தான். கணுக்கால் எடை வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் தைத்துக் கட்டினால் ஆயிற்று.

நம் வீடுகளுக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் பெரும்பாலும் நாற்காலியோடு பாடம் முடிந்துவிடும். நமக்குத் தரை இருக்கிறது: பூஜை, பந்தி, பேரப்பிள்ளை. விழுந்தால் போய்ச் சேருவதும் தரைதான். விழுந்தவர் எழ முடியாமல் ஒன்றிரண்டு மணி நேரம் கிடப்பதில் வருகிற கேடு, விழுந்த அடியைவிடப் பெரிதாகிவிடுவதுண்டு. ஆகவே தரைக்கு இறங்கி எழுவதைப் பாடமாகவே படியுங்கள். உறுதியான கட்டில் பக்கத்தில் நின்று, அதில் ஒரு கையை ஊன்றி, ஒரு முழங்காலை மடித்துப் போட்ட போர்வையில் வையுங்கள். திரும்பி எழுந்துவிடுங்கள். முதல் வாரம் அவ்வளவுதான். அடுத்து இரண்டு முழங்காலும். அடுத்து பக்கவாட்டில் இடுப்பைச் சாய்த்து உட்கார்வது. எழும்போது இதே வழியைத் திருப்பிப் போடுங்கள்: ஒருக்களித்து, கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, கட்டிலைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழுவது. மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் தங்கள் டாக்டர் அனுமதித்த அளவுக்குமேல் மடக்க வேண்டாம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்த புரத அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று முதுமை மருத்துவ நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 போல, நூறு கிராம் உளுந்தில் 24 போல. காலையில் மூன்று இட்லியும் சட்னியும், இரவில் கஞ்சியும் ஊறுகாயும் என்று போனால் கணக்கு பாதிகூடத் தேறாது. நம்மூர் உளுந்தஞ்சோறும் பயத்தம்பருப்புச் சொதியும் விருந்துநாள் சமையலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சைவர்கள் பருப்பு, தயிர், கொண்டைக்கடலை, வேர்க்கடலையை மூன்று வேளைக்கும் பரப்பிக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றாமல் டாக்டர் சொன்ன அளவிலேயே நிற்கட்டும்.

எவ்வளவு பயிற்சி செய்தாலும் தூக்க மாத்திரையும் இரவு ஈரக் குளியலறையும் சேர்ந்தால் ஆள் விழுவார். எழுந்ததும் தலைசுற்றுகிறது என்றால் பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டரிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பைஃபோகல் கண்ணாடியோடு படி இறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

நாட்களை இப்படி வைத்துக்கொள்ளலாம்: திங்கள், புதன், வெள்ளி பலமும் சமநிலையும், அரை மணியிலிருந்து முக்கால் மணி, மற்ற நாட்களில் வழக்கமான நடை. நடைக்குப் போகாத பெண்கள் மொட்டைமாடியில் சாயங்காலம் செய்யட்டும். சேலைக் கொசுவம் காலில் சிக்கும், சுடிதார் நல்லது. மைதானத்தில் நடை முடிந்து அரட்டைக்கு உட்காருகிற சிமென்ட் பெஞ்சிலேயே நாலு பேர் சேர்ந்து எழுந்து உட்காரலாம். கூட்டமாகச் செய்கிறவர்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பார்த்த விஷயம்.

இடையில் காய்ச்சலோ பிள்ளைகள் வீட்டுப் பயணமோ வந்து விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். கனத்தைப் பாதியாக்கி முதல் வாரத்தைக் கழியுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவு வந்துவிடும். டென்மார்க்கில் பணி ஓய்வு வயதை ஒட்டியவர்களுக்கு ஓராண்டு கனமான பயிற்சி கொடுத்து, நான்காம் ஆண்டில் திரும்ப அளந்தபோது கால் பலம் அநேகமாகத் தொடங்கிய அளவிலேயே நின்றிருந்தது. பயிற்சி செய்யாதவர்களுக்குக் குறைந்திருந்தது. பன்னிரண்டு வாரம் முடிந்ததும் நாற்காலிச் சோதனையைத் திரும்பச் செய்து, காலண்டரில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அரிசிப் பை கனம் போதவில்லை.